எந்த ஊர் முதல் ஊர்?

அனைவருக்கும் வணக்கம்.

1985ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் யூபா சிட்டி என்ற நகரத்தில் மக்கள் கூடி வரைபடங்களைத் தீயில் போட்டுக் கொளுத்தினார்கள். எல்லாம் ராண்ட் மெக்னலி என்ற நிறுவனம் அச்சிட்ட வரைபடங்கள். அந்த நிறுவனம்தான் அந்த ஆண்டு அமெரிக்காவின் 329 பெருநகரப் பகுதிகளை, வாழ்வதற்கு எது சிறந்தது என்று வரிசைப்படுத்தி ஒரு நூல் வெளியிட்டிருந்தது. அதில் யூபா சிட்டிக்குக் கிடைத்தது 329ஆவது இடம். முதலிடம் பிட்ஸ்பர்க்குக்கு. இரும்பாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு, பல்லாயிரம் பேர் வேலை இழந்து நின்ற அதே பிட்ஸ்பர்க்.

ஒரு பட்டியலுக்காக ஓர் ஊர் இவ்வளவு கோபப்படுகிறது என்றால், அந்தப் பட்டியல் எப்படித் தயாராகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. இன்று அதைத்தான் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு சின்னக் கேள்வி. ஊர் என்றால் எது? அமெரிக்காவில் ‘மணி’ என்று ஓர் இதழ். சேமிப்பு, முதலீடு பற்றி எழுதுகிற இதழ். 1987 முதல் சிறந்த ஊர்ப் பட்டியல் போட்டு வந்தார்கள். 2016இல் அவர்கள் முதலிடம் கொடுத்தது மேரிலாந்தின் கொலம்பியாவுக்கு. 2020இல் ஜார்ஜியாவின் எவன்ஸுக்கு. இந்த இரண்டு இடங்களுக்கும் நகராட்சியே கிடையாது. மேயரும் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பவர்கள் தங்கள் வசதிக்காக ஒரு கோடு போட்டு, பெயர் சூட்டி வைத்திருக்கிற குடியிருப்புப் பகுதிகள் அவை. அங்கே வாழ்வது நன்றாக இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பதிலேயே பாதி முடிவு வந்துவிடுகிறது. பெருநகரத்தையும் புறநகரையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணினால் ஒரு விடை வரும். வசதியான புறநகரை மட்டும் தனியாக வெட்டி எடுத்தால் வேறு விடை வரும். அந்தப் புறநகர்க்காரர் வேலைக்குப் போவதும், பெரிய மருத்துவமனைக்குப் போவதும், விமானம் ஏறுவதும் பக்கத்து நகரத்தில்தான். ஆனால் அந்த நகரத்தின் வறுமை அவர் ஊர்க் கணக்கில் ஏறாது.

அடுத்தது சல்லடை. ஆயிரக்கணக்கான ஊர்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. முதலில் பலவற்றைக் கழிக்க வேண்டும். 2018இல் மணி இதழ் வைத்த விதிகளைப் பாருங்கள். மக்கள்தொகை 50,000க்குக் குறையக் கூடாது. குற்ற அபாயம் தேசிய அளவைப் போல இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. ஊரின் இடைநிலைக் குடும்ப வருமானம், அதாவது வருமான வரிசையில் சரியாக நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம், அந்த மாநிலத்தின் இடைநிலை வருமானத்தில் 85 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. இந்தக் கடைசி விதி எனக்கு உறுத்துகிறது. வருமானம் குறைந்த ஓர் ஊரில் நல்ல பள்ளி இருக்கலாம், நிழலான தெருக்கள் இருக்கலாம், அண்டை வீட்டார் ஒருவரை ஒருவர் தாங்கி நிற்கலாம். அதெல்லாம் எண்ணப்படுவதற்கு முன்பே அந்த ஊர் வெளியே போய்விடுகிறது. அந்த ஊர்க்காரர்கள் தோற்றார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர்களைப் போட்டியிலேயே சேர்க்கவில்லை.

சரி, சல்லடையைத் தாண்டிய ஊர்களை எண்களாக மாற்ற வேண்டும். எண்கள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் அரசுப் புள்ளிவிவரங்களிலிருந்து. அமெரிக்க மக்கள்தொகைத் துறை ஆண்டுதோறும், எல்லோரையும் கேட்காமல் ஒரு பகுதியினரை மட்டும் கேட்டு, மாதிரி ஆய்வு நடத்துகிறது. 65,000 பேருக்குமேல் வாழும் இடங்களுக்கு மட்டுமே முழுமையான ஓராண்டுக் கணக்கு கிடைக்கும். அதைவிடச் சிறிய ஊர்களுக்கு ஐந்தாண்டுத் தரவைச் சேர்த்துத்தான் கொடுப்பார்கள். ஆக, ‘இந்த ஆண்டின் சிறந்த சிற்றூர்’ என்று அட்டையில் போட்டிருந்தாலும், உள்ளே இருப்பது கடந்த ஐந்தாண்டுகளின் மங்கலான படம். அதிலும் ஒவ்வொரு எண்ணோடும், உண்மை இதைவிட இவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்று சொல்லும் பிழை எல்லை ஒன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. இதழில் அச்சாகும்போது அது காணாமல் போய்விடுகிறது.

குற்றக் கணக்கு இன்னும் சிக்கல். காவல்துறைகள் அனுப்பும் எண்களை அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. தொகுத்து வெளியிடுகிறது. அவற்றை வைத்து ஊர்களை வரிசைப்படுத்தாதீர்கள் என்று அந்த அமைப்பே எச்சரிக்கிறது. காரணம் எளிது. பெரிய வணிக வளாகம் இருக்கிற ஒரு சிற்றூரை நினைத்துக்கொள்ளுங்கள். பகலில் வெளியூர்க்காரர்கள் குவிகிறார்கள், திருட்டும் நடக்கிறது. அந்தத் திருட்டை அங்கே இரவு தூங்குகிறவர்களின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். ஊர் பயங்கரமாகத் தெரியும். அப்புறம், பத்தாயிரம் பேர் வாழும் ஊரில் ஓராண்டில் இரண்டு கொலை நடந்தால் விகிதம் எங்கோ போய்விடும். மறு ஆண்டு ஒன்றும் நடக்காவிட்டால் அது நாட்டிலேயே அமைதியான ஊர். இடையில் மாறியது எதுவுமில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஓர் எண் கூடினால் நல்லதா, குறைந்தால் நல்லதா? இதை யார் முடிவு செய்கிறார்கள்? வீட்டு விலை ஏறுகிறது என்று வையுங்கள். வீடு வைத்திருப்பவருக்கு அது மகிழ்ச்சி. வீடு வாங்க நினைப்பவருக்கு அது அடி. வாடகைக்கு இருப்பவர் ஊரைவிட்டே போக வேண்டி வரலாம். ஒரே எண்ணுக்கு ஒருவர் கூட்டல் குறி போடுவார், இன்னொருவர் கழித்தல் குறி போடுவார். தட்பவெப்பமும் அப்படித்தான். 1985ஆம் ஆண்டு நூலில் மிதமான தட்பவெப்பமே நல்லது என்று வைத்துக்கொண்டார்கள். அதனால் சான்பிரான்சிஸ்கோ பக்கத்து ஊர்கள் மேலே வந்தன. பனிப்பொழிவுக்காக ஏங்குகிறவருக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

இப்போது எண்களைக் கூட்ட வேண்டும். அந்த நூலில் ஒன்பது பிரிவுகள்: தட்பவெப்பம், வீடு, மருத்துவமும் சுற்றுச்சூழலும், குற்றம், போக்குவரத்து, கல்வி, கலை, பொழுதுபோக்கு, பொருளாதாரம். ஒவ்வொரு பிரிவிலும் ஊருக்குக் கிடைத்த ரேங்கை எடுத்து ஒன்பதையும் கூட்டினார்கள். கூட்டுத்தொகை குறைந்த ஊர் முதல். இதில் எல்லாப் பிரிவுக்கும் சம மதிப்பு. வேலை கிடைப்பதும் பொழுதுபோக்கும் ஒரே தட்டில். பிட்ஸ்பர்க் மேலே வந்ததன் ரகசியம் இதில்தான் இருக்கிறது. பொருளாதாரம் தள்ளாடினாலும் அதற்கு ஒன்பதில் ஒரு பங்குதான். மற்ற எட்டில் ஈடு கட்டிவிடலாம்.

பலகையில் ஒரு கணக்கு போடுகிறேன், பாருங்கள். இரண்டு கற்பனை ஊர்கள். முதல் ஊருக்குப் பள்ளியில் 90, வேலையில் 80, கட்டுப்படியாகும் வாடகையில் 40. இரண்டாம் ஊருக்குப் பள்ளியில் 60, வேலையில் 60, வாடகையில் 85. மூன்றுக்கும் ஒரே வெயிட்டேஜ், அதாவது ஒரே முக்கியத்துவம், கொடுத்தால் முதல் ஊரின் சராசரி 70. இரண்டாம் ஊருக்கு 68 சொச்சம். முதல் ஊர் ஜெயித்தது. இப்போது வாடகைக்கு மட்டும் இரட்டை வெயிட்டேஜ் கொடுங்கள். முதல் ஊர் 62.5க்கு இறங்குகிறது, இரண்டாம் ஊர் 72.5க்கு ஏறுகிறது. ஊர்களில் ஒரு கல்கூட நகரவில்லை. நகர்ந்தது நம் பேனா.

இது என் கற்பனை ஊர்களுக்கு மட்டும் நடப்பதா? இல்லை. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் பெக்கர், லொரேன் டென்பி, ராபர்ட் மெக்கில், ஆலன் வில்க்ஸ் என்ற நான்கு புள்ளியியலாளர்கள் அந்த 1985ஆம் ஆண்டுத் தரவையே எடுத்து, வெயிட்டேஜை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். 1987இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். 329 ஊர்களில் 134 ஊர்களை முதலிடத்துக்குக் கொண்டுவர முடிந்தது. 150 ஊர்களைக் கடைசி இடத்துக்குத் தள்ள முடிந்தது. 59 ஊர்களை, வேண்டுமானால் முதலாகவும் வேண்டுமானால் கடைசியாகவும் வைக்க முடிந்தது. தரவில் ஓர் எண்கூட மாற்றாமல்! இதை முதன்முதலில் படித்த நாளில் நான் நெடுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. வரைபடங்களைக் கொளுத்திய அந்த மக்களின் ஆத்திரம் அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

அப்படியானால் வெயிட்டேஜை வாசகர்களிடமே கேட்டுவிடலாமே? மணி இதழ் கேட்டது. ஆனால் கேட்டது தன் வாசகர்களிடம். முதலீட்டு இதழுக்குச் சந்தா கட்டுகிற மக்களிடம். விளைவைப் பாருங்கள். 1987இல் முதலிடம் நாஷுவா, அடுத்து டான்பரி, சியாட்டில், பிரெமர்ட்டன், ப்ரோவோ-ஓரம், சூ ஃபால்ஸ், ராச்செஸ்டர், ராலே-டர்ஹம், கெய்ன்ஸ்வில், மேடிசன், 1997இல் மறுபடியும் நாஷுவா. ஒவ்வோர் ஆண்டும் முதலிடம் மாறியது. ஓர் ஊரின் பள்ளிகளும் தண்ணீரும் ஆண்டுக்கு ஆண்டு இப்படிப் புரள்வதில்லை. சட்டென்று மாறுவது வேலைவாய்ப்பும் வீட்டு விலையும்தான். அவற்றுக்குக் கணக்கில் எவ்வளவு இடம் கொடுக்கிறோமோ, அந்த அளவுக்குப் பட்டியல் குதிக்கும். வர்ஜீனியா பல்கலைக்கழகத்துச் சமூகவியலாளர் தாமஸ் கட்டர்பாக், இந்தப் பட்டியல் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது என்று 1997இல் தனி ஆய்வே எழுதினார். இன்னொன்று, நடுவில் இருக்கிற ஊர்களின் மதிப்பெண்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். துளி மாற்றம் ஏற்பட்டாலும் பல படி சரியும். ரேங்க் என்பது இடைவெளியைக் காட்டாது.

உலக நகரங்களின் பட்டியலிலும் இதே கதைதான். எக்கனாமிஸ்ட் குழுமத்தின் ஆய்வுப் பிரிவு வெளியிடுகிற பட்டியலில் நிலைத்தன்மைக்கு 25 சதவீதம், பண்பாட்டுக்கும் சுற்றுச்சூழலுக்கும் 25, மருத்துவத்துக்கு 20, உள்கட்டமைப்புக்கு 20, கல்விக்கு 10. வாழ்க்கைச் செலவு அதில் இல்லவே இல்லை. இது விடுபட்டுப் போனதல்ல. வெளிநாட்டுக்கு ஊழியரை அனுப்பும் நிறுவனம் கடினமான ஊரில் வாழ்வதற்காக அவருக்கு எவ்வளவு கூடுதல் படி கொடுக்க வேண்டும் என்று கணக்கிட உதவும் பட்டியல் அது. 80 மதிப்பெண்ணுக்குமேல் பெற்ற நகரத்துக்குப் படி தேவையில்லை. 50க்குக் கீழே என்றால் சம்பளத்தில் 20 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பது பரிந்துரை. அந்த ஊழியரின் வாடகையைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். அந்த ஊரிலேயே பிறந்து, அங்கேயே வாடகை கட்டுகிறவருக்காகப் போட்ட கணக்கு அல்ல அது. 2021இல் கொரோனாக் கட்டுப்பாடுகள் மதிப்பெண்ணைப் பாதித்தபோது ஆக்லாந்து முதலிடம், வியன்னா 12ஆம் இடம். 2022இல் வியன்னா முதலிடம், ஆக்லாந்து 34. இரண்டு நகரங்களும் அவரவர் இடத்தில் அப்படியேதான் இருந்தன.

கடைசியாக ஒன்று. கொலராடோவில் லூயிஸ்வில் என்ற சிறு நகரம் 2009இலும் 2011இலும் மணி இதழின் முதலிடம் பெற்றது. 2021 டிசம்பர் 30 அன்று கடுங்காற்றில் பரவிய தீ, லூயிஸ்வில்லிலும் பக்கத்து ஊர்களிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை ஒரே நாளில் அழித்தது. அதை முன்கூட்டிச் சொல்லவில்லை என்று பட்டியலைக் குறை சொல்ல மாட்டேன். இந்தப் பட்டியல்கள் எண்ணுவது பெரும்பாலும் நடந்து முடிந்ததை. வீடு வாங்குகிறவரோ இனி வரப்போகிற முப்பது ஆண்டுகளுக்காக வாங்குகிறார்.

உங்கள் நாற்காலியில் ஒரு தாள் இருக்கும், எடுங்கள். நான் சொன்ன அந்த ஒன்பது பிரிவுகளும் அதில் இருக்கின்றன. உங்களிடம் நூறு புள்ளிகள். அவற்றை ஒன்பதுக்கும் பிரித்து எழுதுங்கள். எழுதி முடித்ததும் பக்கத்தில் இருப்பவரின் தாளோடு வைத்துப் பாருங்கள். பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் கேள்விகளுக்கு வருவோம்.