போர்டு போச்சாம்! போனது 40 ரூபா செல்லு

வணக்கம் மக்களே, வாங்க. இன்னைக்கு ஹிஞ்ச் உடைஞ்ச லேப்டாப் வீடியோ போடுறேன்னு சொல்லியிருந்தேன்ல, அது அடுத்த வாரம். இதைப் பேசாம இருக்க முடியல, அவ்வளவு எரிச்சலா இருக்கு.

இந்தா பாருங்க, டெல் லாட்டிட்யூட், மூணாம் தலைமுறை ஐ5. வேற ஒரு கடையில காட்டிட்டு நம்மகிட்ட வந்திருக்கு. மேல ஒட்டியிருக்கற சீட்டைப் படிக்கிறேன்: "மதர்போர்டு ஃபால்ட், மாத்த 6,500." ஆறாயிரத்து ஐநூறு! ஆன் பண்ணா என்ன வருது? டைம் ஆஃப் டே நாட் செட். எஃப்1 அடிச்சுத் தாண்டினா ப்ளூ ஸ்க்ரீன், இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ். அவ்வளவுதான். போர்டு நல்லா இருக்கு, ஹார்ட் டிஸ்க்கும் நல்லா இருக்கு. செத்தது உள்ள இருக்கற, கடிகாரத்தை ஓட்டற பட்டன் செல்லு. சிஆர் 2032. நம்ம காரைக்குடி வாட்ச் கடையில 40 ரூபா. 40 எங்க, 6,500 எங்க! பேட்டரி ஆராய்ச்சியும் நடக்கற சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், இருக்கற ஊருங்க இது. 1948ல அடிக்கல் நாட்டி 1953ல திறந்தது. இங்கயே ஒரு செல்லை மீட்டர் வச்சுப் பார்க்காம போர்டை மாத்தச் சொன்னா கோபம் வருமா வராதா?

சரி, இது ஏன் நம்ம பக்கம் அதிகமா வருதுன்னு சொல்றேன். அடாப்டரோ பெரிய பேட்டரியோ இருக்கற வரைக்கும், லேப்டாப்போட கடிகாரம் பெரும்பாலும் அதுலருந்தே ஓடிக்கும். அது ரெண்டும் இல்லாதப்பதான் பட்டன் செல்லு தேயும். இங்க வீட்டைப் பூட்டிட்டுச் சென்னை, சிங்கப்பூர்னு போயிடுறாங்க. லேப்டாப் ரெண்டாங்கட்டு அலமாரியில கிடக்கும். முன்னோருக்குப் படைக்கற படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வந்து திறக்கும்போது பெரிய பேட்டரி எப்பவோ காலி, சின்னச் செல்லும் காலி. உடனே "பழசாயிடுச்சு, இரும்புக் கடைக்குப் போடு"ங்கறாங்க. தயவுசெஞ்சு போடாதீங்க.

செல்லு செத்தா என்ன ஆகும்? தேதி பின்னாடி போயிடும். தேதி தப்பா இருந்தா பிரவுசர் எந்த சைட்டையும் நம்பாது, "கனெக்‌ஷன் பிரைவேட்டா இல்ல"ன்னு வரும். நம்மாளுங்க வைஃபை போச்சு, வைரஸ் வந்துடுச்சுன்னு ஓடுறாங்க. முதல்ல கீழ் மூலையில தேதியைப் பாருங்க.

ரெண்டாவதுதான் விவகாரமானது. லேப்டாப் ஆன் ஆனதும் முதல்ல ஓடற புரோகிராம்தான் பயாஸ். சில மாடல்ல செல்லு காலியானதும் பயாஸ் செட்டிங் எல்லாம் ஃபேக்டரி நிலைக்குத் திரும்பிடும். டெல்லுல டிஸ்க்கோட எந்த முறையில பேசணும்னு சொல்ற சாட்டா ஆபரேஷன்னு ஒண்ணு இருக்கு. ரெய்டு ஆன், ஏஎச்சிஐ எல்லாம் அதுல இருக்கற முறைங்க. பல மாடல்ல ஃபேக்டரி நிலை ரெய்டு ஆன். விண்டோஸ் ஏஎச்சிஐ-ல போட்டிருந்தா டிஸ்க்கைத் தொடத் தெரியாம ப்ளூ ஸ்க்ரீன்ல நிக்கும். எஃப்2 தட்டி, சிஸ்டம் கான்ஃபிகரேஷன் உள்ள ஏஎச்சிஐ மாத்தினா பழையபடி பூட் ஆகும். இதுக்குப் போய் ஃபார்மட் அடிச்சு, ஆச்சியோட சாந்தி விசேஷத்துப் போட்டோ எல்லாத்தையும் அழிச்சுடுறாங்க. அடிக்காதீங்க!

அப்புறம், இந்த டெல் வகையில விட்டு விட்டு 5 பீப் கேட்டா இந்தச் செல்லுதான். லெனோவோ திங்க்பேடா இருந்தா 0271னு நம்பர் காட்டும், தேதி நேரத்தைச் சரிபாருன்னு.

கழட்டலாம். அடாப்டரை எடுங்க, பேட்டரியை எடுங்க, பவர் பட்டனை ஒரு 15 செகண்ட் அமுக்கிப் பிடிங்க. ஒரு நிமிஷம், தரையில வச்சுக் கழட்டாதீங்க. ஆத்தங்குடிக் கல்லுப் பூ டிசைன்ல கருப்பு ஸ்க்ரூ விழுந்தா கண்ணுக்கே தெரியாது. வெள்ளைத் துண்டு விரிச்சு அது மேல வைங்க, ஸ்க்ரூ எந்த ஓட்டையில இருந்துச்சோ அதே வரிசையில அடுக்குங்க. நீளம் மாறின ஸ்க்ரூவை முடுக்கினா போர்டைக் குத்தும்.

இதோ செல்லு. மஞ்சள் உறை, சிவப்பு கருப்பு ரெண்டு வயர், நுனியில குட்டி பின். வயரைப் பிடிச்சு இழுக்கவே கூடாது. பின்னோட ரெண்டு ஓரத்தையும் பிளாஸ்டிக் குச்சியால மாத்தி மாத்தி நெம்பணும். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில வைங்க. புதுசு 3.2 கிட்ட காட்டும். 2.8க்குக் கீழன்னா மாத்திடுங்க. இது எவ்வளவு காட்டுது... 0.9! போர்டு ஃபால்ட்டாம்.

இப்ப வாங்கறது. வயர் வச்சது வாங்குங்க, 150லருந்து 250 வரைக்கும் சொல்றாங்க. 40 ரூபாச் செல்லுல ரெண்டு வயரும் ஒரு பின்னும் சேர்ந்தா அஞ்சு மடங்கு விலை, எனக்கு வயிறு எரியுது. அதுக்காக வெறும் செல்லு மேல சால்டரிங் அயனை வச்சுடாதீங்க. சூட்டுல உள் சீல் போயிடும், வெடிக்கவும் செய்யும். காசை மிச்சம் பண்ணணும்னா பட்டை வெல்டு பண்ணின செல்லு தனியா கிடைக்குது. பழைய வயரை அந்தப் பட்டையில பத்த வச்சு, மேல ஹீட் ஷ்ரிங்க் டியூப், சூடு காட்டினா சுருங்கற டியூப், போட்டு மூடுங்க. இந்த லாட்டிட்யூடுக்கு அப்படித்தான் போட்டேன், அருமையா உட்கார்ந்துடுச்சு! பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு.

பின் வச்ச செல்லு வாங்கும்போது பின்னுல சிவப்பு வயர் எந்தப் பக்கம்னு பழசோட ஒப்பிட்டுப் பாருங்க. எல்லாக் கம்பெனிக்கும் ஒரே பக்கம் கிடையாது. மாத்திக் குத்தினா போர்டுக்கே கேடு. எல்ஐஆர் 2032னு ஒண்ணு தருவாங்க, வாங்காதீங்க, அது சார்ஜ் ஏத்தற ஜாதி, 3.6 வோல்ட். சிஆர் 2016-உம் வேணாம். அகலம் 20 மில்லி ஒண்ணுதான், ஆனா தடிமன் 3.2க்குப் பதிலா 1.6 மில்லி. சீக்கிரம் தீர்ந்துடும்.

மாட்டியாச்சு. எஃப்2, தேதி நேரம், சாட்டா ஏஎச்சிஐ, பூட் மோடு முன்னாடி லெகசியா யூஈஎஃப்ஐயா, அதே மாதிரி வச்சு சேவ். வந்துடுச்சு பாருங்க விண்டோஸ்! போட்டோ எல்லாம் இருக்கு.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது, இந்த மூணாம் தலைமுறை பிராசசர் விண்டோஸ் 11ஐ முறையா ஏத்துக்காது. ஃபைலை எடுத்து வச்சுட்டு, விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட்ங்கற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போடப் போறேன், வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்கோட. அந்த வீடியோ ஏற்கெனவே இருக்கு.

ஆங், விட்டுட்டேன். விண்டோஸும் மின்ட்டும் சேர்த்து வச்சிருக்கவங்களுக்கு மணி சரியா அஞ்சரை மணி நேரம் தப்பினா, செல்லை மாத்தாதீங்க. விண்டோஸ் நம்ம நேரத்தை எழுதுது, லினக்ஸ் யூடிசிங்கற உலகப் பொது நேரத்தை எழுதுது, அதான் சண்டை. மின்ட் டெர்மினல்ல டைம்டேட்சிடிஎல் செட் லோக்கல் ஆர்டிசி 1 கொடுங்க, கட்டளையை ஸ்க்ரீன்ல போடுறேன்.

பயாஸ் பாஸ்வேர்டு மறந்தவங்க செல்லைக் கழட்டினா போயிடும்னு நினைக்கிறாங்க. லேப்டாப்புல பெரும்பாலும் போகாது, அது தனிச் சிப்புல இருக்கு.

பழைய செல்லை மேசையில விடாதீங்க. குழந்தை முழுங்கினா ரெண்டு மணி நேரத்துலயே உணவுக் குழாயைப் புண்ணாக்கிடும். செத்த செல்லுலயும் அதுக்குப் போதுமான சக்தி இருக்கும். ரெண்டு பக்கமும் டேப் ஒட்டி டப்பாவுல போட்டு மூடுங்க. இதை மட்டும் இப்பவே செஞ்சுடுங்க.