நிலைத்து அமராத பேரவை

அவைத் தலைவர் அவர்களே, அன்பிற்குரிய அவையோரே,

1776ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள், பிலடெல்பியா நகரில் பென்சில்வேனியா மாநில மன்றக் கட்டடத்தின் கூடத்தில், தோல்தாளில் அழகுற எழுதப்பட்ட அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் கையொப்பத்துக்காக விரிக்கப்பட்டது. அதில் இன்று நாம் காணும் பெயர்கள் 56. ஜூலை மாதத் தொடக்கத்தில் விடுதலைக்கு வாக்களித்தவர்களே வரிசையாக வந்து கையெழுத்திட்டார்கள் என்றுதான் பலரும் எண்ணுகிறோம். உண்மை அப்படியன்று. பென்சில்வேனியாவின் சார்பில் ஒப்பமிட்ட ஒன்பது பேரில் மருத்துவர் பெஞ்சமின் ரஷ் உள்ளிட்ட ஐவர் ஜூலை 20ஆம் நாள்தான் பிரதிநிதிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். வாக்கெடுப்பு நடந்த நாளில் அவர்கள் அந்த அவையின் உறுப்பினர்களே அல்லர். நியூ ஹாம்ப்ஷயரின் மேத்யூ தார்ன்டன் நவம்பரில் வந்து சேர்ந்து தம் பெயரை எழுதினார். மறுபுறம், பிரகடனத்தை வரையும் ஐவர் குழுவில் இடம்பெற்ற நியூயார்க்கின் ராபர்ட் லிவிங்ஸ்டன், ஒப்பமிடும் வேளைக்கு முன்பே சொந்த மாநிலத்துக்குத் திரும்பிவிட்டதால், தாம் உருவாக்க உதவிய ஆவணத்தில் அவர் பெயரே இல்லாமல் போயிற்று.

ஒரே கோடைக்காலத்துக்குள் அவை இவ்வளவு மாறியது. 1774 செப்டம்பரில் கூடியது முதல் 1789இல் மறைந்தது வரை, பதின்மூன்று அமெரிக்க மாநிலங்களின் பிரதிநிதிகள் கூடிய, கான்டினென்டல் காங்கிரஸ் என்ற அந்தப் பேரவையில் ஏறத்தாழ 340 பேர் வந்து அமர்ந்து சென்றார்கள். தலைவர் நாற்காலியில் மட்டும் 14 பேர். அவர்கள் ஏன் தங்கவில்லை, தங்காமையால் என்ன நேர்ந்தது என்பதே இன்றைய என் பேச்சின் பொருள்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1777 நவம்பரில் பேரவை ஏற்று, 1781 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு உடன்படிக்கையின், அதாவது மாநிலங்களை இணைத்த முதல் அரசியல் சட்டத்தின், ஐந்தாம் பிரிவு, ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுதோறும் இரண்டுக்குக் குறையாமலும் ஏழுக்கு மிகாமலும் பிரதிநிதிகளை நியமிக்க வேண்டும் என்றது. எவரும் ஆறாண்டுக் காலத்தில் மூன்றாண்டுக்கு மேல் அப்பதவியில் இருத்தல் ஆகாது என்றது. ஆண்டு முடியும் முன்பே மாநிலம் விரும்பினால் தன் பிரதிநிதியைத் திரும்ப அழைத்துக்கொண்டு வேறொருவரை அனுப்பலாம் என்றும் சொன்னது. பென்சில்வேனியாவின் 1776ஆம் ஆண்டு அரசியல் சட்டம் இன்னும் கடுமையானது: பேரவையில் தொடர்ந்து இரண்டாண்டு இருந்தவர் அடுத்த மூன்றாண்டுகளுக்கு மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட முடியாது.

இந்த விதிகளை எழுதியவர்களைக் குறைவாக மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை. ஏழாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடந்தால் போதும் என்று தனக்குத் தானே சட்டம் இயற்றிக்கொண்ட பிரிட்டிஷ் நாடாளுமன்றம், கடல் கடந்து தங்கள் மீது வரி விதித்ததைக் கண்டவர்கள் அவர்கள். ஆண்டுத் தேர்தல் எங்கே முடிகிறதோ அங்கே கொடுங்கோன்மை தொடங்குகிறது என்பது அவர்கள் நாவில் பழகிய வாசகம். சட்டம் செய்பவர், குறித்த காலத்தில் சாதாரணக் குடிமகனாகத் திரும்பி, தாம் செய்த சட்டத்தின் பாரத்தைத் தாமே சுமந்து பார்க்க வேண்டும் என்பதை வர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனம் 1776இலேயே கொள்கையாக எழுதி வைத்தது. அந்தக் கொள்கையில் தவறு என்ன இருக்கிறது?

தவறு வேறிடத்தில் இருந்தது. பதவியை விடாமல் பற்றிக்கொள்ளும் மனிதரை மனத்தில் கொண்டு அவர்கள் சட்டம் எழுதினார்கள். ஆனால் அவர்கள் அவையில் உட்கார்ந்திருந்தவர்களோ எப்போது ஊர் திரும்பலாம் என்று நாளெண்ணிக்கொண்டிருந்தார்கள். மூன்றாண்டு வரம்பு முட்டி வெளியேறியவர்கள் சிலரே. அந்த வரம்பை எட்டுவதற்கு முன்பே தாமாகப் போனவர்கள்தாம் மிகப் பலர்.

காரணங்கள் வீட்டுக் கணக்குப் போல எளியவை. பிரதிநிதியின் செலவை அவரவர் மாநிலமே ஏற்க வேண்டும். மாநிலக் கருவூலமோ போரினால் வற்றிக் கிடந்தது. பிலடெல்பியாவில் ஹவுஸ் என்ற அம்மையார் நடத்திய விடுதியில் தங்கியிருந்த வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேடிசன், 1782இல் ஊரிலிருந்து பணம் வராமல் தவித்தபோது, ஹேம் சாலமன் என்ற யூதத் தரகரிடம் கைமாற்று வாங்கியே நாள்களைக் கடத்தினார். தேவைப்படும் பிரதிநிதிகளிடம் சாலமன் வட்டி வாங்க மறுக்கிறார் என்று மேடிசன் நன்றியோடும் கூச்சத்தோடும் நண்பருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. செல்வக் குடும்பத்தில் பிறந்தவருக்கே இந்த நிலை என்றால் மற்றவர்களைச் சொல்லவா வேண்டும்?

பேரவைக்கு நிலையான இருப்பிடமும் இல்லை. பகைப் படைக்கு அஞ்சி பால்டிமோர், லங்காஸ்டர், யார்க் என்று ஓடியது. 1783இல் சம்பளம் கேட்டுத் திரண்ட சொந்தப் படைவீரர்களிடமிருந்து தப்பி பிரின்ஸ்டன் போனது. பிறகு அனாபொலிஸ், டிரென்டன், கடைசியில் நியூயார்க். இதற்கெல்லாம் மேலாக, மாநில அரசில்தான் உண்மையான அதிகாரம் இருந்தது. வரி விதிக்கும் உரிமை மாநிலத்துக்கு உண்டு, பேரவைக்கு இல்லை. ஆகவே திறமையுள்ளவர்கள் மாநில மன்றத்தையும் ஆளுநர் பதவியையும் நாடினார்கள். பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சனே, மை காய்ந்த சில வாரங்களில், 1776 செப்டம்பரில், நோயுற்ற மனைவியை எண்ணியும் வர்ஜீனியாவின் சட்டங்களைத் திருத்தும் ஆவலிலும் ஊர் திரும்பிவிட்டார்.

சட்ட வரம்பு பிடித்து வெளியே தள்ளியதோ, தங்க விரும்பிய சிலரை. 1780 முதல் ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் அவைக்கு வந்து, கடன் கணக்கையும் மேற்கு நிலங்களின் வழக்கையும் எவரையும்விட நன்கு கற்றிருந்த மேடிசன், 1783 இறுதியில் விலக வேண்டியதாயிற்று. நிதித்துறையை அறிந்திருந்த மாசசூசெட்ஸின் சாமுவேல் ஆஸ்குட், 1784இல் மூன்றாண்டு நிறைந்தவர் என்று கண்டறியப்பட்டுப் போனார். அதே ஆண்டில் ரோட் ஐலண்டின் இரு பிரதிநிதிகளுடைய காலம் முடிந்துவிட்டதா இல்லையா என்ற சச்சரவில், வேறு வேலைகளை ஒதுக்கிவிட்டு அவை நாள்களைக் கழித்தது.

இனி 1783-84 குளிர்காலத்து அனாபொலிஸ் நகருக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். பிரிட்டனோடு செய்த அமைதி உடன்படிக்கை 1783 செப்டம்பர் 3ஆம் நாள் பாரிஸில் ஒப்பமாகி, ஆறு மாதத்துக்குள் உறுதி செய்து அனுப்பப்பட வேண்டிய நிலையில் இருந்தது. அதற்கு ஒன்பது மாநிலங்களின் இசைவு தேவை. ஒரு மாநிலத்தின் வாக்கு செல்ல வேண்டுமானால் அதன் பிரதிநிதிகள் இருவராவது இருக்க வேண்டும். டிசம்பரில் வாரக்கணக்கில் காத்தும் ஏழு மாநிலங்களுக்கு மேல் சேரவில்லை. எட்டாண்டுப் போரை நடத்தி வென்ற வாஷிங்டன், டிசம்பர் 23ஆம் நாள் தம் படைத்தலைமையை ஒப்படைக்க வந்து நின்றபோது எதிரே இருந்தவர்கள் இருபது பேர் அளவே. பிலடெல்பியாவில் நோயாகக் கிடந்த தென் கரோலினாவின் ரிச்சர்ட் பெரஸ்ஃபர்டு எழுந்து வந்து சேர்ந்த பிறகுதான் ஒன்பதாவது மாநிலம் கிடைத்தது. 1784 ஜனவரி 14ஆம் நாள் உடன்படிக்கை உறுதியாயிற்று. ஆறு மாதக் கெடு கடந்து, மே 12ஆம் நாள்தான் இரு நாடுகளும் உறுதியாவணங்களை மாற்றிக்கொண்டன. பிரிட்டன் அதைப் பெரிதுபடுத்தாதது அந்த இளம் நாட்டின் நல்லூழ்.

ஆனால் ஜனவரியில் உடன்படிக்கை உறுதியாகி மூன்று மாதம் கழித்து வந்த வாக்கெடுப்பில் நல்லூழ் துணை நிற்கவில்லை. மேற்கு நிலங்களில் அமையப்போகும் புதிய மாநிலங்களுக்காக ஜெஃபர்சன் வரைந்த திட்டத்தில் ஒரு வாசகம் இருந்தது: 1800ஆம் ஆண்டுக்குப் பின் அந்த மாநிலங்கள் எதிலும் அடிமைமுறை இருத்தல் ஆகாது. ஏப்ரல் 19ஆம் நாள், வட கரோலினாவின் ரிச்சர்ட் ஸ்பெய்ட் அதை நீக்கக் கோரினார். அவை மரபின்படி கேள்வி இவ்வாறு வைக்கப்பட்டது: அந்தச் சொற்கள் நிற்கலாமா? நிற்க ஏழு மாநிலங்கள் வேண்டும். நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்டு, கனெக்டிகட், நியூயார்க், பென்சில்வேனியா ஆகிய ஆறும் நிற்கட்டும் என்றன. மேரிலாந்து, தென் கரோலினா இரண்டும் வேண்டாம் என்றன. வர்ஜீனியாவில் ஜெஃபர்சன் ஆதரிக்க, உடனிருந்த இருவர் எதிர்த்ததால் அவர் மாநிலமே அவரைக் கைவிட்டது. வட கரோலினாவின் இருவர் ஆளுக்கொரு பக்கம். நியூ ஜெர்சியின் சாமுவேல் டிக் ஆதரித்தார். ஆனால் அவர் ஒருவரே அவையில் இருந்தார். அவருடைய துணைப் பிரதிநிதி ஜான் பீட்டி, நோயுற்று விடுதி அறையில் படுத்திருந்தார். ஒருவர் வாக்கு மாநிலத்தின் வாக்காகாது. தலைக்கணக்கில் 16 பேர் ஆதரவு, 7 பேர் எதிர்ப்பு. இருந்தும் வாசகம் விழுந்தது.

பேரவையின் நடவடிக்கைக் குறிப்பில் அந்தப் பெயர்ப்பட்டியல் சில வரிகளே. நான் அதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நியூ ஜெர்சி என்ற வரியில் கண் நின்றுவிடுகிறது. ஒரே ஒருவரின் குரல் இருந்திருந்தால் இந்தக் கொடுமை புதிய நாட்டில் பரவாமல் தடுக்கப்பட்டிருக்கும் என்று ஜெஃபர்சன் இரண்டாண்டு கழித்து மனம் நொந்து எழுதினார். அவரே நூற்றுக்கு மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தவர் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த வாசகம் நின்றிருந்தாலும் பதினாறு ஆண்டு கழித்து அதை நிறைவேற்றும் வலிமை அந்த அரசுக்கு இருந்திருக்குமா என்பதும் நியாயமான கேள்வி. ஆயினும் 1787இல் அதே தடை மீண்டும் சட்டமானபோது, அது ஓஹியோ ஆற்றின் வடகரையோடு நின்றுவிட்டது. தென்கரையில் பிறந்த குழந்தைகளுக்கு அந்த வேறுபாடு ஒரு வாழ்நாள்.

பீட்டியின் நோயை எவரும் குற்றமாகச் சொல்ல முடியாது. ஏழு பேர் வரை அனுப்பலாம் என்று சட்டம் இடம் தந்தும், செலவுக்கு அஞ்சி, வர ஆளில்லாமல், இருவரை வைத்தே ஒப்பேற்றிய வழக்கத்தைத்தான் நான் குற்றம் சொல்கிறேன். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு மாநிலமே ஊமையாகும் அமைப்பு அது.

1787இல் புதிய அரசியல் சட்டம் எழுதக் கூடியவர்கள் இதையெல்லாம் கண்ணால் கண்டவர்கள். வர்ஜீனியா கொண்டுவந்த முதல் வரைவில், குறித்த காலம் இருந்தவர் விலகி இடம்விட வேண்டும் என்ற சுழற்சி விதியும் திரும்ப அழைக்கும் உரிமையும் இருந்தன. ஜூன் மாதத்திலேயே இரண்டும் கைவிடப்பட்டன. புதியவர்கள் மிகுந்து, விவரமறிந்தவர்கள் குறைந்த அவை எளிதில் கண்ணியில் விழும் என்று அந்தச் சட்டத்தை ஆதரித்து 1788இல் வெளிவந்த கட்டுரையொன்று வாதிட்டது. அதை எழுதியவர் மேடிசன் என்றே கருதப்படுகிறது. நியூயார்க்கில் கூடிய ஒப்புதல் மாநாட்டிலோ, செனட்டர்களுக்கேனும் சுழற்சி வேண்டும் என்று மெலங்க்டன் ஸ்மித் போராடினார். பதவியில் இருந்தவர் ஊர் திரும்பி மக்களிடையே வாழ்ந்தால், ஆட்சியறிவு ஒருசிலரிடம் தேங்காமல் பலருக்கும் பரவும் என்பது அவர் வாதம். அவர் தோற்றார். ஆனால் வாதம் வலுவானது. இன்றும் அதற்கு முழு விடை எவரும் சொல்லிவிடவில்லை என்பது என் கருத்து.

விதி போன பிறகும் ஆட்கள் மாறிக்கொண்டேதான் இருந்தார்கள். நாளுக்கு ஆறு டாலர் என்றிருந்த படியை ஆண்டுக்கு 1,500 டாலர் சம்பளமாகத் தாங்களே உயர்த்திக்கொண்ட 1816ஆம் ஆண்டின் பிரதிநிதிகள் சபையில், மக்களின் சினத்தாலும் தாமே ஒதுங்கியதாலும், மூன்றில் இரு பங்கினர் அளவுக்கு அடுத்த சபைக்குத் திரும்பவில்லை.

இத்தனை பேர் வந்து போன அந்தப் பழைய அவையில் ஒருவர் மட்டும் முதல் நாள் முதல் இறுதி வரை இருந்தார். அவர் செயலாளர் சார்லஸ் தாம்சன். உறுப்பினர் அல்லர் என்பதால் எந்த வரம்பும் அவரைத் தொடவில்லை. 1788 அக்டோபருக்குப் பின் அவை நடத்தப் போதிய எண்ணிக்கை, அதாவது கோரம், ஒருபோதும் சேரவில்லை. எனினும் வந்தவர் பெயரை மட்டும் நாள்தோறும் ஏட்டில் பதிந்துகொண்டிருந்தார். கடைசிப் பதிவு 1789 மார்ச் 2ஆம் நாளுக்குரியது: நியூயார்க்கின் பிலிப் பெல் ஒருவர் வந்தார் என்பதே அது. அவ்வாண்டு ஜூலையில், வாஷிங்டனின் வேண்டுகோளின்படி, பதினைந்து ஆண்டுகளின் ஏடுகளையும் தாம் உருவாக்க உதவிய தேசிய முத்திரையையும் தம் உதவியாளராக இருந்த ரோஜர் ஆல்டனிடம் ஒப்படைத்துவிட்டு, புதிய அரசில் தமக்கென ஒரு பதவியும் கிட்டாமல், தாம்சன் வீடு திரும்பினார்.