திரைதான் உடைந்தது, உள்ளே இருப்பது இருக்கிறது

நேயர்களுக்கு வணக்கம்.

கைப்பேசி கீழே விழுந்து திரை கறுத்துவிட்டால், "எல்லாம் போச்சே" என்று பதறுகிறோம். பெரும்பாலும் எதுவும் போயிருக்காது. திரை வேறு, படங்களும் எண்களும் இருக்கும் நினைவகச் சில்லு வேறு. அழைத்தால் மணி அடிக்கிறதா? சார்ஜரைச் செருகினால் அதிர்கிறதா? அப்படியென்றால் உள்ளே உயிர் இருக்கிறது. உடனே சார்ஜில் போடுங்கள், அணைய விடாதீர்கள். அணைந்து எழுந்த பேசி கைரேகையை ஏற்காது, திரைப்பூட்டு எண்ணைத்தான் கேட்கும். தண்ணீரில் விழுந்த பேசிக்கு மட்டும் இது நேர்மாறு: சார்ஜ் செய்யாமல் அணைத்துவிட்டு, நேரே கடைக்குக் கொண்டுபோங்கள். அரிசி மூட்டையில் புதைக்க வேண்டாம், தூளும் மாவும் துளைக்குள் போய்ச் சேரும்.

ஆண்ட்ராய்டு பேசியில் படம் தெரிகிறது, தொட்டால்தான் வேலை செய்யவில்லை என்றால் வழி எளிது. ஓடிஜி என்ற சிறிய இணைப்பான் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். அதில் கணினி மவுஸைச் செருகினால் திரையில் அம்புக்குறி வரும். பூட்டைத் திறந்து, கோப்புகளை நகலெடுக்க அனுமதி கொடுத்துவிடலாம். படமே தெரியாவிட்டால், ஐபோன் 15 முதலான ஐபோன்களையும் சாம்சங் எஸ்8 முதலான எஸ் வரிசைப் பேசிகளையும் எச்டிஎம்ஐ இணைப்பான் வழியாகத் தொலைக்காட்சியில் பார்க்கலாம். விலை குறைந்த பல பேசிகளில் இந்த வசதி கிடையாது. அவற்றுக்குத் திரையை மாற்றுவதுதான் வழி.

கோலாலம்பூர் லோயாட் பிளாசாவுக்குப் போனாலும் பக்கத்துக் கடைக்குப் போனாலும் முதல் வார்த்தையாக இதைச் சொல்லுங்கள்: "எனக்கு டேட்டா வேணும், ரீசெட் பண்ணாதீங்க." ரீசெட் செய்தால் எல்லாம் அழிந்துவிடும், திரும்ப எடுக்க வழியில்லை. சில்லைக் கழற்றி வேறு கருவியில் படிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இன்றைய பேசிகளில் எல்லாமே பூட்டிய வடிவில் பதிவாகின்றன. அந்தப் பூட்டின் சாவி அதே பேசியின் செயலியோடும் உங்கள் திரைப்பூட்டு எண்ணோடும் பிணைந்திருக்கிறது. பேசிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகை செத்திருந்தால் அதே பலகையைத்தான் உயிர்ப்பிக்க வேண்டும்.

இனி புதுப் பேசி. இங்கே வரிசை முக்கியம். முதலில் சிம். கூகிள் கணக்கில் நுழையும்போது, "உங்கள் பழைய பேசியில் ஆம் என்று அழுத்துங்கள்" என்று கேட்கும். அந்தப் பேசிதான் உடைந்து கிடக்கிறதே! "வேறு வழி" என்பதைத் தேர்ந்தெடுத்தால் குறுஞ்செய்தியில் எண் வரும். அது வர சிம் புதுப் பேசியில் இருக்க வேண்டும். கழற்றி மாட்ட முடியாத இ-சிம் வைத்திருப்பவர்கள் மைகாட் அடையாள அட்டையுடன் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் மையத்துக்குப் போய்ப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். கணக்கில் நுழைந்ததும் தொடர்பு எண்கள் தாமாக இறங்கும். "கைப்பேசி" என்ற இடத்தில் சேமித்த எண்கள் மட்டும் வராது. அவற்றைப் பழைய பேசியிலிருந்துதான் எடுக்க வேண்டும். கூகிள் போட்டோஸும் புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், வந்த படங்களைத் தானாகச் சேமிப்பதில்லை, அந்தக் கோப்புறையைத் தனியே இயக்கியிருக்க வேண்டும்.

அதிகம் இழப்பது புலனத்தில்தான். அதே எண், அதே கூகிள் கணக்கு இரண்டும் இருந்தால், செயலியை நிறுவியதும் "பழைய உரையாடல்களை மீட்கவா?" என்று ஒரே ஒரு முறை கேட்கும். அவசரத்தில் "தவிர்" என்று அழுத்திவிட்டால் வெற்றுப் புலனம் திறக்கும். தானியங்கிச் சேமிப்பு ஓடும்போது அந்த வெறுமையே பழைய சேமிப்பின் மேல் எழுதப்பட்டுவிடலாம். தவறி அழுத்தியவர்கள் அன்று மாலைக்குள் செயலியை நீக்கி மறுபடி நிறுவுங்கள். அந்தச் சேமிப்புக்குக் கடவுச்சொல் வைத்து மறந்திருந்தால் நிறுவனத்தாலும் திறந்து தர முடியாது. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறுபவர்களே, கூகிளில் உள்ள சேமிப்பை ஐபோன் படிக்காது. முதலில் வீட்டிலுள்ள வேறொரு ஆண்ட்ராய்டு பேசியில் மீட்டு, பிறகு ஐபோனை முதன்முறை அமைக்கும்போதே "மூவ் டு ஐஓஎஸ்" செயலி வழியாக மாற்றுங்கள்.

வங்கிச் செயலிக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். மோசடியைத் தடுக்க 2022-இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்த ஏற்பாட்டின்படி, ஒப்புதல் தரும் பேசி ஒன்றே ஒன்றுதான்; புதிதாகப் பதிந்ததும் ஒரு காத்திருப்பு நேரமும் உண்டு. அதனால் நாளைக்கு வாடகை கட்ட வேண்டும் என்றால் இன்றே பதிந்துவிடுங்கள். டச் அண்ட் கோ மின்பணப்பையில் உள்ள பணம் பேசியில் இல்லை, கணக்கில் இருக்கிறது. அதே எண்ணில் நுழைந்தால் தெரியும். இந்த நேரத்தில் வங்கியிலிருந்து பேசுவதாக யாராவது அழைத்து டிஏசி என்ற பரிமாற்ற ஒப்புதல் எண்ணைக் கேட்டால் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டீர்கள் என்றால் உடனே தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997-ஐ அழையுங்கள்.

பழைய பேசியை விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ இப்போதே அவசரப்பட வேண்டாம். புதுப் பேசியில் ஒரு வங்கிப் பரிமாற்றம் ஒப்புதலாகி, புலனத்தில் பழைய படம் ஒன்று திறந்து பார்த்த பிறகு, அதை ரீசெட் செய்து, கூகிள் கணக்கின் சாதனப் பட்டியலிலிருந்தும் நீக்கிவிட்டுக் கொடுங்கள். வணக்கம்.