வெள்ளம் எந்த மாதம் வந்தது?

எல்லோருக்கும் வணக்கம். ஆற்றில் வலை போடுகிறவரிடம் ‘இன்றைக்கு என்ன மீன் கிடைக்கும்?’ என்று கேட்டால் ‘தண்ணியைப் பொறுத்தது’ என்பார். இன்னும் நச்சரித்தால் ‘அது நம்ம கையிலயா இருக்கு?’ என்பார். ஒரு பதில் சூழல், இன்னொன்று தற்செயல். இரண்டில் எது சரி என்று மீன் ஆய்வாளர்கள் ஒரு காலத்தில் கடுமையாகச் சண்டை போட்டார்கள். இன்று அந்தக் கதைதான்.

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் ஆட்டர் கிரீக் என்று ஒரு ஓடை. அங்கே 1962 முதல் 12 ஆண்டுகள் மீன்களை எண்ணிக் குறித்த கணக்கு இருந்தது. கிராஸ்மன், மாயில், விட்டேக்கர் ஆகிய மூவர் 1982-இல் அதை ஆராய்ந்தார்கள். எந்த மீன் அதிகம், எது அடுத்தது என்ற வரிசை வருடா வருடம் நிலைக்கிறதா என்பதே கேள்வி. நிலைக்கவில்லை. ஆகவே இங்கே நிலையான ஒழுங்கு எதுவும் கிடையாது, வெள்ளமும் வறட்சியும் குலுக்கிப் போடும் சீட்டுக்கட்டுதான் இது என்று எழுதினார்கள்.

1984-இல் மறுப்புகள் வந்தன. ஒன்றல்ல, மூன்று. ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும் இரண்டு மீன்கள், வலையில் நாலைந்து கூடினாலோ குறைந்தாலோ இடம் மாறிவிடும். ஒரு மார்க்கில் ரேங்க் போகிறதே, அது மாதிரி. அதை வைத்து வகுப்பே தலைகீழாகிவிட்டது என்று சொல்ல முடியுமா? என் பார்வையில் நியாயமான ஆட்சேபம்தான்.

இதற்கு அடுத்த ஆண்டு நடந்ததுதான் வேடிக்கை. அந்த மூவரில் ஒருவரான பீட்டர் மாயில், வான்ட்ராசெக் என்பவரோடு சேர்ந்து கலிபோர்னியாவின் சியெரா நெவாடா மலையில் உள்ள மார்ட்டிஸ் கிரீக்கைப் பற்றி எழுதினார். அந்தக் கட்டுரை சொன்னது நேர் எதிர்: இங்கே மீன் கூட்டம் நிலையாக இருக்கிறது, ஒவ்வொரு மீனும் தன் இடத்தில் வாழ்கிறது. அங்கே ஸ்கல்பின் என்று ஒரு மீன் உண்டு. தலை பெருத்தது, பார்க்க நம் உளுவை போலிருக்கும், வேகமாக ஓடும் நீரில் அடிக்கல்லோடு ஒட்டிக் கிடக்கும். அந்த இடத்துக்கு மற்ற மீன்கள் அதிகம் போட்டிக்கு வருவதில்லை.

சரி, எது உண்மை? மார்ட்டிஸ் கிரீக்கைப் பத்து ஆண்டுகள் பார்த்த பிறகு, 1992-இல் வந்த கட்டுரை முடிச்சை அவிழ்த்தது. பழுப்பு டிரவுட் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த மீன். இலையுதிர் காலத்தில் சரளைக்குள் முட்டையிடும். பனிக்காலம் முழுக்க முட்டை அங்கேயே கிடக்கும். ஸ்கல்பின் முதலான அந்த ஓடையின் சொந்த மீன்கள் முட்டையிடுவது வசந்தத்திலும் அதை ஒட்டியும். பனிக்காலத்தில் கனமழை பெய்து வெள்ளம் வந்தால் சரளை புரண்டு டிரவுட்டின் முட்டை போய்விடும்; சொந்த மீன்கள் தலையெடுக்கும். பனி உருகி வசந்தத்தில் பெருவெள்ளம் வந்தால் அடி இவற்றுக்கு. டிரவுட் குஞ்சு அதற்குள் பொரித்துத் தப்பித்திருக்கும்.

வெள்ளம் எந்த மாதம் வரும் என்பது தற்செயல். வந்தால் யாருடைய முட்டை போகும் என்பதில் தற்செயலே இல்லை. அது மட்டுமல்ல, ஒருமுறை டிரவுட் பெருகிவிட்டால் பெரிய டிரவுட் சின்ன மீன்களைத் தின்று அந்த நிலையைக் காத்துக்கொள்ளும். இன்னொரு வெள்ளம் வரும்வரை அதன் ராஜ்யம்தான். 1985 கட்டுரைக்காக ஓடையை ஐந்து வருடம் மட்டுமே பார்த்தவருக்கு ‘நிலையான ஒழுங்கு’ தெரிந்ததில் அப்புறம் என்ன ஆச்சரியம்?

வெள்ளம் என்றாலே அழிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஆறுகளில் கட்லா, ரோகு போன்ற பெருங்கெண்டைகளுக்குப் பருவமழை வெள்ளம் வந்தால்தான் முட்டையிடும் காலமே. ஜிலேபி மீனோ முட்டையை வாயிலேயே வைத்துக் காப்பாற்றும். ஆற்றுவெள்ளத்தின் நாள்காட்டிக்கு அது அவ்வளவாகக் கட்டுப்படாது. ஒரே தண்ணீர், இரண்டு விதமான பிழைப்பு.

இப்போது பல ஆறுகளில் தேதியைக் குறிப்பது வானம் அல்ல, மதகு. கலிபோர்னியாவில் பியூட்டா கிரீக் என்று ஓர் ஓடை; அணைகளுக்குக் கீழே அது கிட்டத்தட்ட வெளிமீன்களின் ஓடையாகியிருந்தது. 2000-இல் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. சொந்த மீன்கள் முட்டையிடும் வசந்தத்தில் கூடுதல் தண்ணீர் விட வேண்டும், கோடையிலும் ஓட்டம் அறக்கூடாது என்று முடிவானது. அணைக்குள் இருந்த தண்ணீரை அள்ளிக் கொட்டவில்லை. விடுகிற காலத்தைத்தான் முக்கியமாக மாற்றினார்கள். இடையிடையே மழை வெள்ளமும் வந்து வெளிமீன்களைத் தள்ளிக்கொண்டு போனது. 2012-இல் மாயில் குழுவினர் எழுதிய கட்டுரைப்படி, 20 கிலோமீட்டருக்கும் மேலான நீளத்தில் சொந்த மீன்களின் கை மறுபடி ஓங்கிவிட்டது.

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அது குறுவை நெல்லுக்காகக் குறித்த தேதி. காவிரியில் எந்த மீன் எந்த வாரத்தில் சினையோடு இருக்கிறது என்று தெரிந்தவர்கள் இந்த அரங்கில் இருந்தால், கேள்வி நேரத்தை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். மைக்கை அந்தப் பக்கம் கொடுங்கள்.