உடம்பு இளைத்த பிறகு

வணக்கம் நேயர்களே.

எடையைக் குறைப்பது எப்படி என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். குறைந்த பிறகு என்னென்ன நடக்கும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. மூட்டு வலி தணியும், குறட்டை அடங்கும், சர்க்கரை கட்டுக்குள் வரும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த நன்மைகள். அவை உண்மைதான். தெரியாத மற்ற மாற்றங்களைப் பற்றி இன்று பேசுகிறேன். இவை முன்கூட்டியே தெரியாததால் சிலர் பயந்துபோய்ப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். வேறு சிலரோ, உடனே டாக்டரிடம் காட்ட வேண்டிய ஒன்றை 'எடை குறைந்தால் இப்படித்தான் இருக்கும்' என்று தள்ளிப்போடுகிறார்கள்.

முதலில் தலைமுடி. எடை வேகமாக இறங்கத் தொடங்கி இரண்டு மூன்று மாதம் ஆன பிறகு, ஒருநாள் தலை வாரும்போது சீப்பு நிறைய முடி வரும். குளியலறை வடிகாலில் சுருண்டு கிடக்கும். ஒரு நாளைக்கு 100 முடி வரை கொட்டுவது இயல்பு. இது அதைவிடப் பல மடங்கு. காரணம் இதுதான்: சாப்பாடு திடீரென்று குறைந்ததும், வளர்ந்துகொண்டிருந்த முடியில் ஒரு பங்கை உடம்பு ஓய்வு நிலைக்குத் தள்ளிவிடுகிறது. ஓய்வுக்குப் போன முடி உடனே விழாது, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் விழும். அதனால்தான் காரணமும் விளைவும் ஒன்றோடொன்று ஒட்டாமல், நேற்று மாற்றிய ஷாம்பூ மேல் பழி விழுகிறது. வேர் உயிரோடுதான் இருக்கிறது. சாப்பாடு சீரானால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் கொட்டுவது நின்று, புது முடி குட்டை குட்டையாக நெற்றியோரம் எழும்பும். கொட்டிக்கொண்டே இருந்தால் ஹீமோகுளோபின், இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள். அதற்குள் பயோட்டின் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதிக அளவு பயோட்டின், தைராய்டு ரத்தப் பரிசோதனையின் முடிவையே தவறாகக் காட்டிவிடும். இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள். பரிசோதனைக் கூடத்திலும் சொல்லிவிடுங்கள்.

இந்த முடி விஷயத்திலேயே எல்லாவற்றுக்கும் விளக்கம் இருக்கிறது. நீங்கள் விரும்பித்தான் சாப்பாட்டைக் குறைக்கிறீர்கள் என்பது உடம்புக்குத் தெரியாது. பஞ்சம் வந்துவிட்டது என்றே அது கணக்குப் போடுகிறது. உயிர் பிழைக்க முடி தேவையில்லை, அதனால் முதல் வெட்டு முடிக்கு. அடுத்த வெட்டு உடம்பின் சூட்டுக்கு. தைராய்டு சுரப்பின் வேகம் சற்றுத் தணியும், தோலுக்கடியில் போர்வையாக இருந்த கொழுப்பும் மெலியும். மற்றவர்கள் விசிறிக்கொண்டிருக்கும் அறையில் இவர் மட்டும் கைவிரல் சில்லிட்டு உட்கார்ந்திருப்பார்.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு சோதனையைத் தொடங்கினார். ஆரோக்கியமான 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். 24 வாரம் அவர்களுக்கு அரைப்பட்டினிச் சாப்பாடு. எடையில் கால் பங்கு போயிற்று. குளிர் தாங்கவில்லை, எரிச்சல் வந்தது, மனம் சோர்ந்தது, சிரிப்பும் பேச்சும் குறைந்தன. நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைவு; சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படிக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்குக் கொடுத்தது நாளொன்றுக்குச் சராசரியாக சுமார் 1,570 கலோரி. இன்று பலர் தாங்களாகவே வகுத்துக்கொள்ளும் 'டயட்' இதற்கும் கீழே இருக்கிறது. டயட் இருப்பவர் வீட்டில் எரிந்து விழுந்தால், அது அவருடைய குணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அளவு மிகவும் குறைந்துவிட்டதா என்று பாருங்கள்.

இனி, தள்ளிப்போடக் கூடாதவை. முதலாவது பித்தப்பைக் கல். கொழுப்பு வேகமாகக் கரையும்போது கல்லீரல் பித்தத்துக்குள் கொலஸ்ட்ராலைக் கூடுதலாகத் தள்ளுகிறது. சாப்பாட்டில் எண்ணெயே இல்லாவிட்டால் பித்தப்பை சுருங்கிக் காலியாவதும் இல்லை. தேங்கிய பித்தம் கெட்டிப்பட்டுக் கல்லாகிறது. வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் குறைப்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடுகிறது. ஆகவே வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ போதும். எண்ணெயை அடியோடு ஒழிக்காதீர்கள். ஒரு வேளையிலாவது 10 கிராம் கொழுப்பு, அதாவது இரண்டு தேக்கரண்டி எண்ணெய் அளவு, உள்ளே போகட்டும். சாப்பிட்ட பிறகு வலது விலா எலும்புக்குக் கீழே வலி பிடித்து, அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்து, வலது தோள்பட்டைப் பக்கம் பரவினால் ஸ்கேன் எடுக்க வேண்டும். கூடவே காய்ச்சலோ, கண்ணில் மஞ்சளோ தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இரண்டாவது, ஏற்கெனவே சாப்பிட்டுவரும் மாத்திரைகள். என்னைக் கேட்டால், இன்றைய பேச்சில் முக்கியமான பகுதி இதுதான். 90 கிலோ இருந்தபோது எழுதிக் கொடுத்த அளவு 75 கிலோ உடம்புக்கு அதிகமாகிவிடலாம். இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை சாப்பிடுபவர்களும் சாப்பாட்டைக் குறைக்கும் முதல் வாரத்திலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சர்க்கரை தாழ்ந்துபோனால் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, பேச்சில் குழப்பம் எல்லாம் வரும். அளவு 70-க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

பிரஷர் மாத்திரையும் இதே கதைதான். உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறதா? வீட்டில் பிரஷர் பார்க்கும் கருவி இருந்தால் ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒரு தடவை அளந்து கொள்ளுங்கள். எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடி அளங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ, கீழ் எண் 10 இறங்கினாலோ அந்தக் குறிப்போடு டாக்டரைப் பாருங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். தைராய்டு மாத்திரையின் அளவும் எடையைப் பொறுத்ததுதான். அதையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது பெண்களுக்கு. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையால் மாதவிலக்கு தள்ளித் தள்ளி வந்தவர்களுக்கு, எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே கருமுட்டை மறுபடி வெளிவரத் தொடங்கலாம். 'நமக்குத்தான் குழந்தை தங்காதே' என்று எச்சரிக்கையில்லாமல் இருந்தவர் கர்ப்பமாவது இப்படித்தான். எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் குறைந்தது 12 முதல் 18 மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்பது மருத்துவ அறிவுரை. அதில் ஒரு வகையான குடல் மாற்றுப்பாதை அறுவை செய்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக உடம்பில் சேராமலும் போகலாம். எடையையும் சர்க்கரையையும் குறைக்கும் டிர்செபடைடு ஊசி போடுபவர்களுக்கும் அதே சிக்கல் உண்டு. ஊசியைத் தொடங்கிய பிறகு நான்கு வாரமும், ஒவ்வொரு முறை அளவைக் கூட்டிய பிறகு நான்கு வாரமும், மாத்திரையை மட்டும் நம்பாமல் ஆணுறையும் பயன்படுத்த வேண்டும்.

பெரிய ஆபத்தில்லாத, ஆனால் ஆளைக் கலங்கடிக்கும் இரண்டு மாற்றங்களைச் சொல்கிறேன்.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். ஒரு சிறிய எலும்பு முண்டு தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, தோலுக்கு மிக அருகில், ஒரு நரம்பு ஓடுகிறது. பாதத்தை மேலே தூக்குவது அந்த நரம்பின் வேலை. அதற்கு மெத்தையாக இருந்தது கொழுப்பு. மெத்தை கரைந்த பிறகு, பழைய வழக்கப்படி கால்மேல் கால் போட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்தால் நரம்பு எலும்புக்கும் எடைக்கும் நடுவே நசுங்குகிறது. எழுந்து நடந்தால் பாதம் தொங்கும், கால்விரல் தரையில் இடறும், செருப்பு நழுவும். பக்கவாதமோ என்று வீடே நடுங்கிப்போகும். அது பக்கவாதமா இல்லையா என்பதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே உடனே காட்டுங்கள். நரம்பு அழுத்தம்தான் என்று உறுதியானால், கால்மேல் கால் போடுவதையும் நெடுநேரம் குத்துக்காலிட்டு உட்காருவதையும் விட்டுவிட்டாலே பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும்.

மற்றொன்று காதில். மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் ஒன்று இருக்கிறது. இயல்பாக அது மூடியிருக்கும், விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும்தான் திறக்கும். அதைச் சுற்றியுள்ள கொழுப்பு வற்றிவிட்டால் குழாய் திறந்தே கிடக்கும். அப்போது பேசினால் தன் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் தன் காதிலேயே முழங்கும். மூச்சு விடும் சத்தமும் கேட்கும். படுத்தாலோ தலையைத் தாழ்த்தினாலோ சட்டென்று குறையும். அதை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். காது அடைப்பு என்று நினைத்து மூக்கடைப்பு மருந்து போட்டால் இன்னும் மோசமாகும். நிறையத் தண்ணீர் குடித்து, காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

குறைந்த எடை முழுவதும் கொழுப்பு என்று நினைக்க வேண்டாம். 10 கிலோ குறைந்தால் அதில் சுமார் 2 முதல் 3 கிலோ கொழுப்பில்லாத எடை. அதில் தசையும் சேர்த்தி. மாடிப்படி ஏறுகையில் தொடை நடுங்குவது இதனால்தான். சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் தேவை. 70 கிலோ என்றால் நாளுக்கு 84 கிராம். அதை ஒரே வேளையில் தின்று தீர்க்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சியோ, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியோ கட்டாயம் வேண்டும். நடைப்பயிற்சி நல்லதுதான், தசையைக் காக்க அது மட்டும் போதாது.

தொங்கும் தோலைப் பற்றி ஒரு வார்த்தை. வருடக்கணக்கில் இழுபட்ட தோலின் நார்கள் க்ரீம் தடவினால் பழைய நிலைக்குத் திரும்பாது. அந்தப் பணத்தை வீணாக்காதீர்கள். மடிப்புகளைக் குளித்ததும் துடைத்து உலர்த்துங்கள், இல்லாவிட்டால் பூஞ்சைப் புண் வரும். அறுவை செய்து எடுப்பதாக இருந்தால், எடை ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் நின்ற பிறகு யோசியுங்கள்.

இனி மனிதர்களிடம் வருகிறேன். 'என்ன இப்படி இளைத்துப்போய்விட்டீர்கள்? சுகரா?' பாடுபட்டுக் குறைத்தவருக்குக் கிடைக்கும் முதல் பரிசு பெரும்பாலும் இந்தக் கேள்விதான். 'முகக்களையே போய்விட்டதே' என்பது அடுத்தது. முகத்துக் கொழுப்பு போனதும் கன்னம் ஒட்டி, வயது கூடினாற்போல் தெரியும் என்பது உண்மையே. ஆனால் சொன்னவர் போய்விடுவார், அதைக் காதில் வாங்கியவர் அன்று இரவு கண்ணாடி முன் நின்றுகொண்டிருப்பார். பாராட்டும் சில சமயம் குத்தும். 'இப்போதுதான் அழகாக இருக்கிறீர்கள்' என்றால், முன்பு எப்படிப் பார்த்தார்கள் என்பது இப்போது தெரிந்துவிடுகிறது. முன்பு முகம் கொடுத்துப் பேசாத ஆள் இன்று வழிவிட்டுச் சிரித்தால், சந்தோஷத்தைவிடக் கோபம்தான் முதலில் வருகிறது. அந்தக் கோபம் நியாயமானது.

வீட்டுக்குள்ளும் கணக்கு மாறும். சேர்ந்து சாப்பிடுவதே நெருக்கமாக இருந்த இடத்தில், ஒருவர் தட்டு சுருங்கினால் மற்றவருக்கு விலக்கிவைத்தது போல் இருக்கும். 'ஒரு நாள் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்' என்ற வற்புறுத்தல் அங்கிருந்துதான் பிறக்கிறது. சுவீடனில் எடை குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்ததில், துணையோடு இருந்தவர்களிடையே பிரிவுகள் கூடியிருந்தன. தனியாக இருந்தவர்களிடையே புது உறவுகளும் திருமணங்களும் கூடியிருந்தன. எடை குறைந்ததும் உறவு உடையும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. தன் மேல் நம்பிக்கை வந்தவர் பழைய ஏற்பாட்டுக்கு அப்படியே அடங்கியிருக்க மாட்டார் என்பதாகத்தான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். தொடங்கும்போதே துணையிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

மனம் உடம்பைவிட மெதுவாகத்தான் இளைக்கிறது. 25 கிலோ குறைந்தவர், அகலமான வாசலில் இன்னமும் பக்கவாட்டில் திரும்பி நுழைவார். கடையில் கை தானாகப் பழைய அளவுச் சட்டைக்கே போகும். மூளையில் பதிந்த உடம்பின் வரைபடம் மாற மாதங்கள் பிடிக்கும். பழைய சட்டை ஒன்றை வைத்திருந்து மாதம் ஒருமுறை போட்டுப் பார்ப்பது, ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து ஒப்பிடுவது, இரண்டும் பயன் தருகின்றன. துக்கத்துக்கும் தனிமைக்கும் துணையாக இருந்தது சாப்பாடு என்றால், அதை எடுத்த இடம் காலியாகவே இருக்கும். குடல் மாற்றுப்பாதை அறுவை செய்தவர்கள் குடிப்பழக்கத்தில் மிகுந்த எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அவர்களுக்கு மது முன்பைவிட வேகமாக ரத்தத்தில் ஏறும், பழக்கம் பிடிக்கும் ஆபத்தும் கூடும்.

பசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2011-இல் மெல்போர்ன் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரம் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் எடை குறைத்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்தும் பசியைத் தூண்டும் கிரெலின் உயர்ந்தே இருந்தது, போதும் என்று சொல்லும் லெப்டின் தாழ்ந்தே இருந்தது. எடை திரும்ப ஏறினால் 'வாயைக் கட்டத் தெரியாதவர்' என்று ஏசுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் முயன்று குறைத்தவர்களுக்கு. எந்த முயற்சியும் இல்லாமல், ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் எடையில் 5 சதவீதம் குறைந்தால், அதாவது 70 கிலோ இருந்தவர் மூன்றரை கிலோ இளைத்தால், பாராட்டைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டாம். சர்க்கரை, தைராய்டு, காசநோய், மன அழுத்தம், புற்றுநோய் என எதுவும் பின்னால் இருக்கலாம். எந்த மாதம் எவ்வளவு எடை இருந்தது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு இந்த வாரமே டாக்டரிடம் போங்கள்.

வணக்கம்.