கில்ட்: வாடகையா, சொந்தமா? "சொந்தமா வாங்குறதுதான்" அணி

நடுவர் அவர்களுக்கும், இந்த எடின்பரோ குளிர்லயும் பொங்கல் விழாவுக்குன்னு கிளம்பி வந்து உக்காந்திருக்குற உங்க எல்லாருக்கும் வணக்கம்.

ஸ்காட்லாந்து ஆம்பளைங்க விசேஷத்துக்கு இடுப்புல கட்டுற மடிப்பு வச்ச கம்பளி உடுப்புதான் கில்ட், அதை வாடகைக்கு எடுக்குறதா சொந்தமா வாங்குறதாங்கிறதுதான் இன்னைக்குத் தலைப்பு. எதிரணித் தம்பி என்ன சொன்னாரு? ஒரு கம்பளித் துணியை இடுப்புல சுத்திக்க 600 பவுண்டா, 100 பவுண்ட் வாடகை குடுத்தா கோட்டு, ஷூ, முன்னாடி தொங்குற ஸ்போரன் பை எல்லாம் சேத்தே குடுத்துடுறான், மறுநாள் திருப்பிக் குடுத்தா வேலை முடிஞ்சதுன்னாரு, கைதட்டலும் வாங்கிட்டாரு. நானும்தான் தட்டினேன், சின்னப் புள்ள, இன்னும் நாலு கல்யாணத்துக்குப் போகல.

நான் போனேன் நடுவர் அவர்களே. கூட வேலை பாக்குற ஸ்காட்லாந்து நண்பருக்குக் கல்யாணம், வாடகைக் கடையில போன்லயே இடுப்பு அளவு கேட்டாங்க, நான் பேன்ட் அளவைச் சொல்லிட்டேன். கில்ட் நிக்கிறது தொப்புள் கிட்ட, அங்க நம்ம சுற்றளவே வேற இல்லையா! பக்கிளைக் கடைசி ஓட்டையில மாட்டி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு சர்ச்சுல நின்னுட்டேன், ராத்திரி கேய்லின்னு இவங்க ஜோடி ஜோடியா ஆடுற ஆட்டம் ஆரம்பிச்சுது பாருங்க, ஒரு கையில பார்ட்னர் கை, இன்னொரு கையில என் இடுப்பு, அப்படியே ஆடி முடிச்சேன்.

தம்பி துணின்னு சாதாரணமா சொல்லிட்டாரு. நல்ல கில்ட்டுக்கு 8 கெஜம். நம்ம புடவையே 6 கெஜம்தான், இது மடிசாருக்கு ஒரு கெஜம்தான் கம்மி! அத்தனை துணியும் எங்க போகுதுன்னா பின்னாடி மடிப்புக்கு, நம்ம வீட்டுல கொசுவம் வைப்பாங்களே அதேதான், ஆனா இங்க ஒவ்வொரு மடிப்பையும் கட்டம் கட்டத்தோட சேருற மாதிரி மடிச்சு கையால தைக்கிறாங்க, முன்னாடி டார்ட்டன், அதான் அந்தக் கட்டம் போட்ட டிசைன், எப்படி ஓடுதோ பின்னாடியும் அப்படியே ஓடணும். ஒண்ணு தைக்கவே 20 மணி நேரத்துக்கு மேல ஆகும், அந்தக் கூலியையும் கம்பளியையும் கூட்டிப் பாருங்க, 600 பவுண்ட் எனக்கு அநியாயமா தெரியல.

டூரிஸ்ட் கூட்டம் மொய்க்கிற ராயல் மைல் தெருவுல 40, 50 பவுண்டுக்குத் தொங்குதே, அதை வாங்கலாமேன்னு அந்த அணி அக்கா கேட்டாங்க. அது அக்ரிலிக் அக்கா, மடிப்பு ஆழமே இருக்காது, போட்டோ எடுக்க சரி, கல்யாணத்துக்கு வேணாம்.

இன்னொண்ணும் சொன்னாங்க, குலத்துக்கு ஒரு டார்ட்டன்ங்கிறதே 1822ல ராஜா நாலாம் ஜார்ஜ் இங்க வந்தப்ப ஊதிப் பெருசாக்கினது, இந்தப் பொய்ப் பழமைக்கு ஏன் செலவுன்னு. பாதி ஒத்துக்கிறேன், அந்தக் குலக் கணக்கு நிறைய அதுக்கப்புறம் எழுதிச் சேத்ததுதான். ஆனா 1746 சட்டத்துல கில்ட்டு, டார்ட்டன்னு ஹைலேண்ட் மலைநாட்டுக்காரங்க உடுப்பையே தடை பண்ணாங்களே, 1782 வரைக்கும் அந்தத் தடை இருந்துச்சே, ஒண்ணுமில்லாத துணியை யாராவது தடை பண்ணுவாங்களா?

கோட்டும் ஷூவும் சொந்தமா வேணும்னு நான் சொல்ல மாட்டேன், அதை சாரிட்டி கடையில பழசா பாத்து எடுத்துக்கலாம், நான் அப்படித்தான் எடுத்தேன். கில்ட்டை மட்டும் அளவு குடுத்துத் தைச்சுக்கோங்க. தொப்பை போட்டா பக்கிளைத் தள்ளித் தைச்சுக்கலாம், கீழ ஓரம் நெசவுலயே முடிஞ்சு வர்றதால மடிச்சுத் தைச்ச தையலும் கிடையாது, பிரியுற கவலையும் இல்ல. செலவுன்னா அந்துருண்டை செலவுதான், பூச்சி மட்டும் விட்டுடக் கூடாது. தம்பி கணக்குப்படியே ஆறு கல்யாணத்துல 600 வாடகை போயிடும், ஏழாவது கல்யாணத்துக்கு அவர் மறுபடி கடைக்குப் போவாரு, நான் பீரோவைத் திறப்பேன்.

மணி அடிச்சுட்டீங்க, ஒரே நிமிஷம். இப்ப நான் கட்டியிருக்கிறது எட்டு வருஷத்துக்கு முன்னாடி தைச்சது. திரும்பி நிக்கிறேன், ஒரு மடிப்பாவது கலைஞ்சிருக்கான்னு நடுவர் அவர்களே எண்ணிப் பாத்துக்கட்டும்.