அடி யாருக்கு என்று பார்க்காதீர்கள், தப்பு யாருடையது என்று பாருங்கள்

நடுவர் அய்யா அவர்களே, நேரம் ஆகியும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் மதுரை மக்களே, வணக்கம். ஃபார்முலா ஒன் பந்தயக் கார்கள் மோதினால் தண்டனையை அளக்க வேண்டியது செய்த செயலை வைத்தா, நடந்த விளைவை வைத்தா? செயலை வைத்துத்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தங்கச்சி 2021-ல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் ஹாமில்டன், வெர்ஸ்டாப்பன் என்ற இரண்டு ஓட்டுநர்கள் மோதிக்கொண்ட பந்தயத்தை எடுத்துக்கொண்டார். முதல் சுற்றிலேயே ஹாமில்டனின் முன்சக்கரம் வெர்ஸ்டாப்பனின் பின்சக்கரத்தில் பட்டது, வெர்ஸ்டாப்பன் 51 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 51 மடங்கு விசையோடு தடுப்பில் மோதி ஆஸ்பத்திரிக்குப் போனார், ஹாமில்டனோ 10 வினாடி தண்டனையோடு அந்தப் பந்தயத்தையே ஜெயித்தார், இது நியாயமா என்று கேட்டார்.

நியாயம்தான் தங்கச்சி. விசாரித்த ஸ்டூவர்டுகள், அதாவது பந்தய அதிகாரிகள், பார்த்தது, வளைவின் உள்பக்கம் இடம் இருந்தும் ஹாமில்டன் அதை ஒட்டிப் போகவில்லை என்பதை. அதனால் தப்பில் பெரும்பங்கு அவருடையது என்றார்கள், தண்டனை கொடுத்தார்கள். இதே உரசல் ஒரு மெதுவான வளைவில் நடந்திருந்தால் வெர்ஸ்டாப்பன் ஒரு சுற்று சுழன்றுவிட்டுக் கிளம்பியிருப்பார், நீங்களும் இன்று அதைப் பேசியிருக்க மாட்டீர்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தவர் செய்தது இரண்டிலும் ஒன்றுதானே!

நம் ரிங் ரோட்டில் பைக்காரர் தானாக வந்து லாரியில் விழுந்தாலும் கூட்டம் கூடி முதலில் லாரி டிரைவரின் சட்டையைத்தான் பிடிக்கும். ரத்தத்தைப் பார்த்ததும் தீர்ப்பு எழுதிவிடுகிற இந்தப் பழக்கத்தைப் பந்தயத்துக்கும் கொண்டுபோகச் சொல்கிறார்கள்.

சரி, 1997 ஹெரெஸ். சாம்பியன் யார் என்பதை முடிவு செய்யும் கடைசிப் பந்தயம். உள்பக்கமாக முந்த வந்த வில்நேவ் மேல் ஷூமாக்கர் காரைத் திருப்பினார். சரளையில் சிக்கி வெளியேறியது ஷூமாக்கர். இடி வாங்கிய வில்நேவ் ஓடி முடித்து சாம்பியனும் ஆகிவிட்டார். விளைவைத்தான் பார்க்க வேண்டும் என்றால் இதில் தண்டிக்க என்ன இருக்கிறது? ஆனால் கார் பந்தயங்களுக்கான உலக அமைப்பான எஃப்ஐஏ அந்த வருடப் பட்டியலில் ஷூமாக்கர் பிடித்திருந்த இரண்டாம் இடத்தையே பறித்தது. செயலுக்குக் கிடைத்த தண்டனை அது!

அப்புறம் 1990 சுசூகா. முதல் வளைவிலேயே சென்னா ப்ராஸ்ட்டை இடித்தார், இரண்டு பேரும் வெளியே, சாம்பியன் பட்டம் சென்னாவுக்கு. வேண்டுமென்றேதான் இடித்தேன் என்று அடுத்த வருடம் அவரே ஒத்துக்கொண்டார். அந்த மோதலில் யாருக்கும் காயமில்லை, தண்டனையும் இல்லை. அவ்வளவு பெரிய ஓட்டுநர் செய்தார் என்பதால் எனக்கு அது இன்னும் அதிகமாக வலிக்கிறது.

காயத்தை வைத்து அளந்தால், தெரிந்தே இடித்த சென்னாவைவிட ஒரு கணம் கணக்குத் தவறிய ஹாமில்டன் பெரிய குற்றவாளி ஆகிவிடுவார். அது சரிதானா என்று அடுத்துப் பேச வரும் எதிரணித் தம்பி முதலில் சொல்லட்டும் அய்யா.